நின்றுபோன லிஃப்டும் ஒரு டின் எண்ணெயும்

அன்பும் மரியாதையும், ஓரமாகக் கொஞ்சம் கோபமும் வைத்து மச்சான் அவர்களுக்கு உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கு உங்கள் தங்கை நலம். நானும் நலம். என் வலது முழங்கால் சுமார். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும், கடை வாசலில் நான் உட்காரும் மர ஸ்டூலும் சௌக்கியம்தானே? அந்த ஸ்டூலில் வேறு யாரையும் உட்கார விட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விட்டிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம். போனில் பேசினால் போதாதா, இந்தக் காலத்தில் எதற்குக் கடுதாசி என்று கேட்பீர்கள். இந்த வீட்டுச் சுவர் மெல்லியது, உங்கள் தங்கையின் காது கூர்மையானது, விஷயம் அவளைப் பற்றியது. ஆகவே அவள் வேலையிலிருந்து வருவதற்குள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். ஊர் உலகத்து லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிறவன் வீட்டு மேசைக்கு ஒரு கால் ஆடுகிறது.

கோபம் எதற்கென்றால், நண்பன் என்பது இவ்வளவு கிடைக்காத சாமான் என்று நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வீர்கள்? நீங்கள் எனக்குக் கல்யாணத்தோடு சேர்ந்து வந்தவர். நான் தேடவுமில்லை, கேட்கவுமில்லை. முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்த அன்று மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, என்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, நாற்காலி மேல் ஏறிவிட்டேன், நீங்கள் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டீர்கள். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் உங்கள் கடை வாசலில் உட்கார்ந்து ஒன்றுக்கும் உதவாத விஷயங்களைப் பேசித் தீர்த்தோம். சண்டை போட்டோம், பேசாமல் இருந்தோம், பேசாமல் இருப்பதற்கும் அதே ஸ்டூலில்தான் வந்து உட்கார்ந்தேன். இதெல்லாம் எல்லோருக்கும் எல்லா ஊரிலும் தானாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவனை இப்படி ஏமாற்றிவிட்டீர்களே என்பதுதான் கோபம்.

உங்கள் தங்கைக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலைமைப் பொறுப்பு கிடைத்து நாங்கள் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த நாற்காலிக்காக அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள், அவளுக்குக் கீழே வேலை பழகியவர்களெல்லாம் அவளைத் தாண்டிப் போனபோது எப்படி வாயைத் திறக்காமல் இருந்தாள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நானும் லிஃப்ட் கம்பெனியில் சொல்லி இந்த ஊர்க் கிளைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டேன். லிஃப்ட் எந்த ஊரிலும் மேலேயும் கீழேயும்தான் போகிறது, எனக்கென்ன கஷ்டம் என்றுதான் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் என் மகன் வயது. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு வருகிறார்கள், வேலை முடிந்ததும் அதைக் கழற்றி, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். "அந்தச் சட்டைய மாத்திட்டுதான் உக்காருங்களேன்" என்று உங்கள் தங்கை சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள். அவள் சொல்வதை விட்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் அவள் பால்கனியில் நின்று உங்களோடு போன் பேசினாளே, ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் திறந்திருந்தது, மச்சான். "பாவம்ணா அவரு. டிவிகூடப் போடாம உக்காந்துக்கிட்டு லிஃப்ட் ஏறி எறங்குற சத்தத்தக் கேட்டுக்கிட்டிருக்காரு. வருசக் கடைசியில வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துடுறோம். எனக்கென்ன, இவ்வளவு நாள் பாத்தது போதும்" என்றாள். எனக்கென்ன என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கியது உங்களுக்கும் கேட்டிருக்கும். மறுநாள் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தேன், துண்டுகளுக்கு அடியில் ராஜினாமாக் கடிதம். தேதி மட்டும் போடவில்லை. அழுதேன், அந்தத் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என்னால் அவள் நாற்காலி போகக்கூடாது. வருஷக் கடைசிக்குள் இந்த ஊரில் எனக்கு ஒரு நண்பன், ஒரே ஒரு நண்பன் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தரகர் இருக்கிறார், வீடு பார்க்கத் தரகர் இருக்கிறார், ஐம்பத்து மூன்று வயது ஆளுக்கு நண்பன் பார்த்துத் தர ஒருத்தரும் இல்லை. முதலில் பூங்காவுக்குப் போனேன். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் என் வயது ஆள் ஒருவர், நல்ல முகம், என் வேகத்துக்கே நடந்தார். பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். "இப்பல்லாம் தூக்கமே வர மாட்டேங்குது" என்றார். எனக்கும்தான் என்றேன். "பிள்ளைங்க போனே பண்றதில்ல" என்றார். எங்க வீட்டிலும் அதே கதைதான் என்றேன். மனசு விட்டுப் பேசுகிற மனுஷன் கிடைத்துவிட்டார் என்று எனக்குக் கால் தரையில் படவில்லை. மூன்றாம் நாள், "அந்த எடத்த வித்துடலாம்னு பாக்குறேன், நீ என்ன சொல்ற?" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒருமைக்கு வந்துவிட்டாரே என்று பூரித்துப்போய், "அவசரப்படாதீங்க, பெறகு வாங்க முடியாது" என்றேன். அவர் நின்றார். அந்தப் பக்கத்துக் காதிலிருந்து ஒரு கறுப்புக் குமிழைக் கழற்றினார். "சார், நான் என் தம்பிகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். நீங்க யாரு, மூணு நாளா என் கூடவே பேசிக்கிட்டு வர்றீங்க?" என்றார். அன்றோடு பூங்காவை விட்டேன்.

அடுத்து முடி வெட்டும் கடை. அங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை என்று கேள்விப்பட்டு வாரம் தவறாமல் போனேன். வெட்டுகிறவர் கலகலப்பான ஆள்தான். "ஊருக்குப் புதுசுங்களா?" என்று கேட்டார், விவரமாகச் சொன்னேன். அடுத்த வாரமும், "ஊருக்குப் புதுசுங்களா?" என்றார். மறந்திருப்பார் என்று மறுபடி சொன்னேன். அதற்கடுத்த வாரமும் அவர் அதையே கேட்க, நானும் புதிதாய் ஒரு கதையைச் சேர்த்துச் சொல்ல, கடைசியில் என் தலையில் வெட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. "தலையில பேன் ஏதாவதா?" என்று உங்கள் தங்கை கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

பிறகு எதிர்வீடு. ஏதாவது ஒன்றை இரவல் வாங்கினால் பழக்கம் தானாக வரும் என்று யோசித்து, மூன்று அடுக்குக் கருவிப் பெட்டி வைத்திருக்கும் நான், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு திருப்புளி கேட்டேன். கொடுத்தார்கள். அதன் முனை மழுங்கியிருந்தது, மச்சான். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அரம் போட்டுத் தீட்டி, துரு எடுத்து, பிடிக்குப் புது நாடா சுற்றித் திருப்பிக் கொடுத்தேன். எதிர்வீட்டம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போய் மிக்சியோடு வந்தார். அடுத்த நாள் இஸ்திரிப்பெட்டி. அதற்கடுத்த நாள் அவருடைய அக்கா வீட்டிலிருந்து ஒரு மேசை விசிறி. நண்பனாகப் போனவன் பழுது பார்ப்பவனாகத் திரும்பினேன். இன்றுவரை அந்த வீட்டுக்காரர் என்னோடு பேசியது, "ஆச்சா?" என்ற ஒரே வார்த்தைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்டில் மனிதர்கள் எப்படி நிற்பார்கள் என்று உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கூடத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள்கூட உள்ளே வந்ததும் கதவைப் பார்த்துத் திரும்பி நின்று, மாடி எண் மாறுவதை, ஏதோ தங்கள் பரீட்சை முடிவு அதில் வரப்போகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான். இங்கே லிஃப்டைப் பார்த்துக்கொள்வது எங்களுக்குப் போட்டியான எதிர்க் கம்பெனி. அதன் கதவு மூடும்போது வரும் சத்தமே எனக்குப் பிடிக்காது. நான் எப்போதும் கடைசியில் ஏறிக் கதவை ஒட்டி நிற்பேன், அந்தக் கதவு இன்றைக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதற்காக.

அன்று சாயங்காலம் உள்ளே நான்கு பேர். ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர், முகத்தைப் பார்த்தாலே வாய்ப்பாடு மறந்துபோகும். கீழ்த்தளத்தில் கடை வைத்து நான்காம் மாடியில் குடியிருக்கும் தையல்காரர், கையில் தைத்து முடித்த கோட்டோடு மேல்மாடிக்குக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார். எட்டாம் மாடிப் பல் டாக்டர், சின்ன வயது, எப்போதும் காதில் பாட்டு. நான்காவது நான். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கதவு நூல் அளவு விலகியிருக்கிறது, மூடவில்லை என்று நினைத்து லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளங்கையை வைத்துக் கதவை ஓர் அழுத்து அழுத்தினால் கிளம்பிவிடும். கையை உயர்த்திவிட்டேன்.

அப்போது டீச்சர், "போச்சு, இன்னைக்குன்னு பாத்து போன வீட்டுலயே வச்சுட்டு வந்திருக்கேன்" என்றார். தையல்காரர், "டீச்சர், உங்க கொரல இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார். டாக்டர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "நானும்தான்" என்றார். இத்தனை மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் நான் கேட்ட முதல் பேச்சு இது. உயர்த்திய கையை இறக்கிச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். இத்தனை வருஷ வேலையில் ஒரு பழுதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

டாக்டர் மணியை அழுத்தினார். காவலாளி கீழேயிருந்து, "மெக்கானிக் வந்துக்கிட்டே இருக்காரு, தெருவெல்லாம் வண்டி" என்று கத்தினார். வண்டிகளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நின்று கால் வலித்து டீச்சர் முதலில் தரையில் உட்கார்ந்தார், பிறகு எல்லோரும். டீச்சர் பையில் பிஸ்கட் இருந்தது. அதை நான்கு பேருக்கும் அவர் பங்கு பிரித்த விதத்திலேயே கணக்கு டீச்சர் என்பது தெரிந்தது, உடைந்த துண்டைக்கூட விடவில்லை. கடித்ததும், "ஸ்ஸ்" என்று கன்னத்தைப் பிடித்தார். டாக்டர் போன் வெளிச்சத்தை அடித்து, "ஆ காட்டுங்க" என்றார். தையல்காரர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையை நீட்டி, "மேல் வரிசையில ஒண்ணு தையல் விட்ட மாதிரி இருக்கு" என்று கருத்துச் சொன்னார். டீச்சர் திறந்த வாயோடு அவரை முறைத்தார். பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது, மூன்று பேரில் ஒருத்தருக்கும் இது சொந்த ஊர் இல்லை. மகள் அழைத்தாள் என்று டீச்சர் வந்தார், வந்த ஆறாவது மாதம் மகளுக்கு வேறு ஊர் மாற்றல். டாக்டர், "நாள் முழுக்க நான்தான் பேசுறேன், யாரும் திருப்பிப் பேச முடியாது, வாய்க்குள்ள என் கை இருக்கு" என்றார். சிரித்தோம். எனக்கு உங்கள் ஸ்டூல் ஞாபகம் வந்தது.

இதுவரை எல்லாம் நல்லபடிதான். தையல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க வலது தோள் ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு. ரொம்ப வருஷமா ஒரே பக்கம் பாரம் தூக்கியிருக்கீங்க. என்ன வேலை?" என்றார். கருவிப் பையை ஆபீசிலேயே விட்டு வந்திருந்தேன், ஆகவே என்னைக் காட்டிக்கொடுக்க என் மேல் ஒன்றும் இல்லை என்று தைரியமாக இருந்தவன் அவசரமாகத் தோளை நிமிர்த்திக்கொண்டேன். லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னால், பிறகு ஏன்டா சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க மாட்டார்களா? அதே நேரம் டாக்டர், "உங்க கையில எண்ணெ வாசனை வருதே" என்றார். என் வாய் என்னைக் கேட்காமலே, "எண்ணெ வியாபாரம்" என்று சொல்லிவிட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர், "அப்படியா? சமையல் எண்ணெயா? நல்லதா இருந்தா எனக்கு ஒரு டின் கொண்டாங்களேன்" என்றார். கொண்டுவருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

எதிர்க் கம்பெனி மெக்கானிக் ஒருவழியாக வந்து கதவைத் திறந்தார். எனக்குப் பழக்கமான முகம், உதிரிபாகக் கடையில் அடிக்கடி பார்ப்போம். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதுக்கா..." என்று வாயெடுத்தார். நான் வெளியே இறங்குகிற சாக்கில் அவர் காலில் என் முழு எடையையும் வைத்து ஏறி நின்றேன். பாவம், கதவைச் சரிபண்ணக்கூட முடியாமல் நொண்டிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு, மச்சான், நம்பமாட்டீர்கள், வியாழன்தோறும் தையல்காரர் கடையில் வெட்டுமேசையைச் சுற்றி நாங்கள் நால்வரும் சீட்டாடுகிறோம். டீச்சர் எல்லோர் கையிலிருக்கும் சீட்டையும் மனக்கணக்கில் சொல்லிவிடுவார், ஆனாலும் தோற்பார், தோற்றால் பேசமாட்டார், பேசாமல் இருக்கவும் அடுத்த வாரம் வந்துவிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் மூன்று பேரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், உங்கள் தங்கை அன்று இரவுப் பணி. இவ்வளவு நல்ல மனிதர்களிடம் நான் எண்ணெய் வியாபாரியாக இருக்கிறேன். மொத்த விலைக் கடையில் டின் வாங்கி, தோளில் வைத்து, அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அடுத்ததைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்திருக்கிறேன், அது வேறு கசிகிறது. "எதுக்கு இவ்வளவு எண்ணெ?" என்று உங்கள் தங்கை கேட்டதற்கு, மலிவாகக் கிடைத்தது என்றேன். நண்பர்கள் கிடைத்ததைச் சொன்னால் உடனே அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவாளே.

இப்போது தலைக்கு மேல் வெள்ளம். உங்கள் தங்கை, "யாரோ உங்க கூடச் சீட்டாடுறாங்களாமே, காவலாளி சொன்னாரு" என்று கேட்டு, நான் முழிக்க, மூன்று பேரையும் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். அவள் வாயிலிருந்து, "இவரு லிஃப்ட் மெக்கானிக்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். வேண்டுமென்றே தங்களை அடைத்து வைத்த அயோக்கியன் என்று மூன்று பேரும் எழுந்து போய்விடுவார்கள். நானாகவே சொல்லிவிடலாம் என்றால் நாக்கு எழவில்லை. மூன்று பேரையும் ஒரே நாளில் இழந்துவிட்டு மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை, மச்சான். அவள் துண்டுக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துத் தேதி போட்டுவிடுவாள்.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்பது இரண்டு. ஒன்று, இது கிடைத்தவுடன் தங்கைக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை பிரமாதமாக இருக்கிறார், வேலையை விடுகிற பேச்சையே எடுக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் முன்னால் என் தொழிலைப் பற்றிப் பேசக்கூடாது, அது கம்பெனி ரகசியம் என்று ஏதாவது சொல்லி வையுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள். நான் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கண் தெளிவாகத் தெரியட்டும். ஸ்டூலைத் துடைத்து வையுங்கள். எல்லோரும் எல்லா நலமும் பெற்று, நின்ற இடத்தில் நிற்காமல் மேலே மேலே போக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை மறவாத,
தற்காலிக எண்ணெய் வியாபாரி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்துவிடாதீர்கள். போன் போடாதீர்கள்.

இதை உறையில் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டு அப்படியே சீட்டாடப் போகலாம் என்று லிஃப்டில் ஏறினேன். டாக்டர் ஏற்கெனவே உள்ளே இருந்தார், ஐந்தாம் மாடியில் டீச்சரும் நான்காம் மாடியில் தையல்காரரும் ஏறினார்கள். சொல்லி வைத்தாற்போல் லிஃப்ட் மறுபடி நின்றது. நான் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டேன். டீச்சர் பின்னாலிருந்து, "எண்ணெக்காரரே, அந்தக் கதவ ஒரு அழுத்து அழுத்துங்க. எனக்கு இன்னைக்கு ஜெயிக்கிற நாள்" என்றார். நான் திரும்பினேன். "எட்டு மாசமா கதவ ஒட்டி நின்னுக்கிட்டு வர்றீங்க. நாங்க பாத்ததெல்லாம் உங்க முதுகத்தானே?" என்றார். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன், மச்சான். முதுகு முழுக்க மஞ்சள் எழுத்தில், லிஃப்ட் பழுது பார்க்கப்படும். படம் வேறு போட்டிருக்கிறது. அதற்குக் கீழே போன் நம்பர். "அவசரத்துக்கு இருக்கட்டும்னு நான் நம்பரக்கூட போன்ல போட்டு வச்சிருந்தேன்" என்றார் டாக்டர்.

"அப்ப அன்னைக்கே ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன். தையல்காரர், "கைய மேல தூக்குனீங்க, பெறகு பையில விட்டுக்கிட்டீங்க. சரி, இவருக்கும் வீட்டுக்குப் போக அவசரம் இல்லபோலனு பேசாம இருந்துட்டோம்" என்றார். டீச்சர், "எங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றார். நான் கையைப் பையிலிருந்து எடுத்துக் கதவை ஓர் அழுத்து அழுத்தினேன், லிஃப்ட் கிளம்பியது. "எண்ணெ நல்லாத்தான் இருந்துச்சு" என்றும் டீச்சர் சொன்னார்.

சீட்டை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவந்தேன். உங்கள் தங்கை அப்போதுதான் படியேறி வந்திருந்தாள். எல்லாவற்றையும் நானே சொன்னேன். சிரித்தாள், சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உள்ளே போய்த் துண்டுகளுக்கு அடியிலிருந்த காகிதத்தை எடுத்து வந்தாள், நான்காக மடித்தாள், கசிகிற எண்ணெய் டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

நீங்களும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஐந்தாவது ஆளுக்கு வெட்டுமேசையில் இடம் இருக்கிறது. ஸ்டூலையும் கொண்டுவாருங்கள். வரும் வழியில் லிஃப்ட் நின்றால் பயப்படாதீர்கள். கதவை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.